நான்கு மணி நேரத் தொலைவு



சென்ற ஆண்டு கோடையில் ஒரு நாள், சுபுஹுத் தொழுகை முடிந்து மதரஸாவின் படியேறும்போது, எங்கள் தெருவின் மூத்தவர் ஒருவர் வஃபாத்தான செய்தி வந்தது. எண்பதைக் கடந்தவர். இளமையில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சபர் செய்து, கடைசி இருபது ஆண்டுகளாகத் தம் வயலையும் பள்ளிவாசலின் முதல் ஸஃப்பையும் விட்டு அகலாதவர். பெண்மக்கள் இருவரும் உள்ளூரிலேயே இருக்கின்றனர். ஒரே மகன் சிங்கப்பூரில்.

நான் அவ்வீட்டை அடைந்தபோது மகனிடம் பேசி முடித்திருந்தார்கள். "நாலு மணி நேரம்தானே அம்மா, வந்துவிடுகிறேன். அத்தாவை வைத்திருங்கள்" என்று அவர் அழுதுகொண்டே கூறியதாகச் சொன்னார்கள். திண்ணையில் இருந்த ஜமாஅத்தார் என்னைப் பார்த்தனர். "ஹஜ்ரத், நீங்கள் காலேஜ் படித்தவர். எப்போது வந்து சேர்வார் என்று கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் ஒருவர். நான் வரலாறு படித்தவன். என்னைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டார்கள், நானும் சொன்னேன். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 840 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்று கொண்டால் மூன்றரை மணி. இறங்க ஏற ஒரு மணி, திருச்சியிலிருந்து நம் ஊருக்கு மூன்று மணி. ஆக, அஸருக்குள் வந்துவிடுவார் என்றேன். அஸருக்குப் பின் ஜனாஸா என்று பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்யப்பட்டது. அந்த அறிவிப்பைச் செய்யச் சொன்னவனும் நானே.

நான் போட்ட கணக்கில் எண்கள் ஒன்றும் பெரிய பிழையில்லை. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பூமிப் பந்தின் மீது ஒரு நூலைத் திருச்சியில் வைத்துச் சிங்கப்பூர் வரை இறுக்கிப் பிடித்தால் வரும் நீளம்தான் அந்த 2,980 கிலோமீட்டர். விமானத் தொலைவு என்று சொல்லப்படுவது இதுவே. இந்நூலை மேற்கே திருப்பித் துபை வரை பிடித்துப் பாருங்கள். சுமார் 2,940 கிலோமீட்டர் வரும். கிழக்கே பாட்டனார் போன ஊரும் மேற்கே பேரன் போகும் ஊரும் நம் தஞ்சைத் தரணிக்கு ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. நம் ஊர்களில் ஒரு வீட்டின் கூடத்தில் சிங்கப்பூர் கடிகாரமும் அடுத்த வீட்டில் துபை கடிகாரமும் தொங்குவதற்கு, தராசின் நடுமுள்போல நாம் இருக்கும் இந்த இருப்பும் ஒரு காரணமோ என்னவோ! கூத்தாநல்லூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்று நம்மவர்கள் அழைப்பதை அறியாதவர் இல்லை.

ஜெட் விமானம் மேலே ஏறி நிலைகொண்ட பின் மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வரை செல்லும். எனினும் 2,980ஐ 840ஆல் வகுத்து வரும் மூன்றரை மணி பயண அட்டவணையில் இராது. நான்கு மணியோ அதற்குச் சற்று மேலோதான் இருக்கும். நிறுத்துமிடத்தில் சக்கரம் உருளத் தொடங்குவது முதல் மறுமுனையில் அது நிற்பது வரையிலான நேரத்தையே அட்டவணை கொள்கிறது. ஏறுகையிலும் இறங்குகையிலும் வேகம் குறைவு. பாதையும் நூல் பிடித்தாற்போல் நேராக அமைவதில்லை. காற்று வேறு இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், கீழே கச்சான் காற்று நம் வாழைகளைச் சாய்த்துக்கொண்டிருக்க, வெகு உயரத்தில் அதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து ஒரு பெருங்காற்று பாய்கிறது. இதனை 1958ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதியவர் கோட்டீஸ்வரம் என்னும் நம் நாட்டு வானிலை அறிஞர். மேட்டூருக்கு நீர் கொண்டுவரும் மழைக்கும் அந்த மேற்காற்றுக்கும் தொடர்புண்டு என்பர். சிங்கப்பூர் செல்லும் விமானத்தை அது சற்றே பின்னிழுக்கும். குளிர்காலத்தில் வளைகுடாவின் பக்கம் மேலைக் காற்று வலுத்திருப்பதால், துபைக்குப் போவதைவிட அங்கிருந்து வருவது விரைவு.

கடிகாரம் செய்யும் மயக்கம் தனி. நள்ளிரவு பன்னிரண்டுக்குத் திருச்சியில் ஏறுபவர் சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே காலை ஆறே முக்கால் ஆகியிருக்கும். ஏழு மணி நேரம் பறந்ததாகத் தோன்றும், பறந்தது நான்கேகால். திரும்புகையில் நண்பகலில் ஏறினால் ஒன்றே முக்காலுக்கெல்லாம் திருச்சி. இரண்டரை மணி நேர வேறுபாட்டின் விளையாட்டு இது. மர்ஹூம் என் நன்னா இந்த வேறுபாட்டை இரண்டு மணி என்றே கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தவறாகச் சொல்கிறார் என்று சிறுவயதில் எண்ணியிருந்தேன். 1982 ஜனவரி முதல் தேதியன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளி வைத்தது. அதற்கு முன்பு இரண்டு மணிதான். சூரியனோ அந்த மாற்றத்துக்குக் கட்டுப்படவில்லை. அதனால்தான் அங்கே லுஹர் வக்த் ஆண்டு முழுதும் ஒரு மணியை ஒட்டியே நுழைகிறது. அங்கிருந்து வந்த மாப்பிள்ளைகள், இங்கே பன்னிரண்டேகாலுக்கு பாங்கு கேட்டுத் திடுக்கிட்டு எழுவதை நாம் கண்டிருக்கிறோம்.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 2024 அக்டோபர் 11 அன்று மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஒன்று இயந்திரக் கோளாற்றால் மேற்கே செல்ல இயலாமல், இரண்டரை மணி நேரம் போல வானிலேயே வட்டமிட்டு எரிபொருளைக் குறைத்துக்கொண்டு, திருச்சியிலேயே இறங்கியது. அதிலிருந்த 141 பேரும் நலமுடன் இறங்கினர், அல்ஹம்துலில்லாஹ். அன்று அவர்கள் வானில் கழித்த நேரம் ஷார்ஜாப் பயணத்தில் பாதிக்கு மேல். கடந்த தொலைவோ ஒன்றுமில்லை. இதையெல்லாம் நாளிதழில் படித்திருந்தும், அந்தக் காலையில் திண்ணையில் அமர்ந்து நான் தொலைவை வேகத்தால் வகுத்துக்கொண்டிருந்தேன்.

இனி, அன்று உண்மையில் நடந்ததைக் கேளுங்கள்.

நம் கடிகாரத்தில் ஆறு மணி என்றால் அங்கே எட்டரை. மகன் அதற்குள் வேலைத்தலத்தில் இருந்தார். அத்தீவின் மேற்கு முனையான துவாஸில் அவருக்கு வேலை. சாங்கி விமான நிலையமோ கிழக்கு முனையில். மேலாளர் வந்து அனுமதி தருவதற்கே பதினோரு மணியாயிற்று. தங்குமிடத்துக்குச் சென்று கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு, சிராங்கூன் சாலையில் டிக்கெட் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். கோடை விடுமுறைக் கூட்டம். அன்று திருச்சிக்கு ஓர் இடமும் இல்லை. ஈற்றில் சென்னைக்கு இரவு எட்டு மணி விமானத்தில் இடம் கிடைத்தது. நமக்கு அது மாலை ஐந்தரை.

டிக்கெட் கிடைத்ததும் வீட்டுக்குப் பேசியவர், "கிடைத்துவிட்டது, கிளம்புகிறேன்" என்று மட்டுமே சொன்னார். எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு என்று இவர்கள் கேட்கவில்லை. துக்க வீட்டில் யாருக்கு அது தோன்றும்? என் கணக்கைத்தான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். அஸர் நேரம் வந்தது. கூத்தாநல்லூர், பொதக்குடி, மன்னார்குடி என்று சுற்றூர்களிலிருந்து வந்தவர்களால் தெரு நிறைந்தது. குளிப்பாட்டிக் கஃபனிட்டாயிற்று. சந்தூக் வாசலுக்கு வந்தது. அப்போதுதான் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர் இன்னமும் சாங்கியில் இருந்தார். "சென்னையில் பத்து மணிக்கு இறங்குவேன், கார் பிடித்து சுபுஹுக்குள் வந்துவிடுவேன், வைத்திருங்கள்" என்றார்.

அதன்பின் மஃரிப் வரை அந்த வீட்டில் நிகழ்ந்த வாக்குவாதத்தை எழுத விரும்பவில்லை. ஐஸ் பெட்டி கொண்டுவர ஒருவர் மன்னார்குடிக்குப் போனார். இன்னொருவர், வெளியூரார் திரும்பிப் போகவேண்டுமே என்றார். மருமகன்மார் இருவரும் இருவேறு பக்கம். மகன் விமானத்தில் ஏறிவிட்டார். இனி நான்கு மணி நேரத்துக்கு அவரிடம் ஒரு சொல்லும் கேட்க வழியில்லை.

மஃரிபுக்குப் பின் அந்த அம்மையார் என்னை அழைத்து, திரைக்கு உள்ளிருந்து சொன்னார்: "ஹஜ்ரத், அவர்கள் எனக்கு ஒரு வஸிய்யத் சொல்லியிருந்தார்கள். 'என்னை ஓர் இரவு வீட்டில் வைக்கக் கூடாது, மகனே ஆனாலும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்' என்று. அஸருக்குள் வந்துவிடுவான் என்று நீங்கள் சொன்னீர்களே, வஸிய்யத்தும் நிறைவேறும், பிள்ளையும் பார்த்துவிடுவான் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்."

இஷாவுக்குப் பின் ஜனாஸாத் தொழுகை நடந்தது. பத்து மணிக்கு மண் தள்ளினோம். அந்நேரம் மகன் சென்னையில், குடியேற்றச் சோதனை வரிசையில் நின்றிருந்தார்.

மையித்தை விரைந்து அடக்குவதே நம் மார்க்கம் காட்டும் வழி. நெருங்கிய உறவினர் வரக்கூடும் என்றிருந்தால், உடலில் மாற்றம் நேரும் அச்சம் இல்லாதவரை, சிறிது காத்திருக்க இடமளித்த உலமாக்கள் உண்டு. அந்தச் 'சிறிது' என்பது எவ்வளவு? அதனை அறிய, வருபவர் எப்போது வருவார் என்பது தெரிய வேண்டும். நான் பிழை செய்தது அங்கேதான். காலை ஏழு மணிக்கே "நாளை சுபுஹுக்கு முன் வர வழியில்லை" என்று தெரிந்திருந்தால், அந்த அம்மையார் அப்போதே வாய் திறந்திருப்பார். லுஹருக்கெல்லாம் அடக்கம் முடிந்திருக்கும். மகனிடமும் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அவர் நிதானமாக மறுநாள் நேரடி விமானத்தில் வந்திருப்பார். தாம் பறந்துகொண்டிருந்த வேளையில் தம் அத்தாவை அடக்கிவிட்டார்கள் என்னும் எண்ணம் அவருக்கு வாழ்நாளெல்லாம் இருந்திராது.

என் நன்னா காலத்தில் இப்படியொரு வாக்குவாதம் எழுந்திருக்க முடியாது. அவர் 1950களில் 'ரஜூலா' கப்பலில் பினாங்கு சென்றவர். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல், 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. நாகையில் பெருங்கப்பல் கரையணையும் ஆழம் இல்லை. அது கடலிலேயே நிற்கும், படகில் போய் ஏறவேண்டும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி, சோற்றுக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்று, ஏறக்குறைய ஒரு வாரம் சிங்கப்பூருக்கு. அக்காலத்தில் நோய்த்தடுப்புக்கென்று பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலும் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் ஆட்களைத் தனியே நிறுத்திவைப்பதும் உண்டு. பின்னர் 'சிதம்பரம்' கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பற்றிப் பலர் மாண்டதோடு அந்தக் கப்பற்பாதையும் முடிந்துபோயிற்று.

நன்னாவின் தாயார் இங்கே இறந்தபோது அவர் பினாங்கில் இருந்தார். தந்தி போயிற்று. காத்திருங்கள் என்று அவர் பதில் தந்தி அடிக்கவில்லை. இங்கும் எவரும் காத்திருக்கவில்லை. அன்று மாலையே அடக்கம். அவர், தென்னிந்திய முஸ்லிம்கள் 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் நம் ஊர்க்காரர் சிலரைச் சேர்த்துக்கொண்டு காயிப் ஜனாஸா தொழுதார். அபிசீனிய மன்னர் நஜாஷிக்காக நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் தொழுததை ஆதாரமாகக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு இடமுண்டு. ஹனஃபி மத்ஹபில் இல்லை. இரு மத்ஹபினரும் கலந்து வாழும் நம் பகுதியில் இதனைச் சொல்லும்போது இரண்டையும் சொல்லிவிடுவதே நல்லது. எட்டு மாதம் கழித்து ஊர் வந்த நன்னா, நேரே மையவாடிக்குப் போனாராம். ஒரு வாரத் தொலைவில் இருந்த பிள்ளைக்காக எந்த மையித்தும் காத்திருக்கவில்லை. நான்கு மணி நேரத் தொலைவு என்றான பிறகே காத்திருக்கத் தொடங்கினோம். வஸிய்யத் செய்த அந்தப் பெரியவரும் 'ரஜூலா'வில் போனவர்தாம். அவர் மனத்தில் எந்தக் கணக்கு இருந்ததோ!

இதில் எனக்குள்ள கூச்சம் இன்னொன்று. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம் இது. ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில் கஸ்ர் தொழுகைக்குரிய பயணத்தை 48 மைல் என்று வரையறுத்து, அது சுமையேற்றிய ஒட்டகத்தின் நடையில் இரண்டு மர்ஹலா என்று விளக்குகிறார்கள். கடலும் தரையைப் போன்றதே என்றும், அந்த மைல்களை ஒருவர் கடலில் ஒரு மணி நேரத்திலேயே கடந்துவிட்டாலும் அவருக்குக் கஸ்ர் உண்டு என்றும் கூறுகிறார்கள். விமானம் தோன்றுவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது! ஹனஃபி இமாம்களோ மூன்று நாள் நடையைக் கொண்டே அளந்தார்கள். ஒன்று தொலைவை முன்வைக்கிறது, மற்றது காலத்தை. விமானத்தில் நோன்பு திறப்பது எப்போது, மஃரிபை எங்கே தொழுவது என்ற கேள்விகளுக்கெல்லாம், பயணியின் கண்ணுக்கு முன் இருக்கும் சூரியனைப் பார், புறப்பட்ட ஊரின் கடிகாரத்தைப் பாராதே என்று பதில் சொல்லிப் பழகியவன் நான். தொலைவு வேறு, நேரம் வேறு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவன், திண்ணையில் அமர்ந்ததும் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.

மகன் மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு வந்தார். வீட்டுக்குப் போகவில்லை, மையவாடி வாசலிலேயே காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். நான் அங்கே காத்திருந்தேன். ஸலாம் சொன்னார். "எத்தனை மணிக்கு, ஹஜ்ரத்?" என்று கேட்டார். பத்து மணி என்றேன். தலையை மட்டும் அசைத்தார். கபருக்கு முன் நின்று ஜனாஸாத் தொழுகையை நிறைவேற்றினார். அதன்பின் பிழை யாருடையது என்பதை நானே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து மதரஸாவின் வருகைப் பதிவேட்டுக் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். சபர் போய்வந்தவர்கள் பலரைக் கேட்டு எழுதியது. சிங்கப்பூர்: அனுமதிக்கும் டிக்கெட்டுக்கும் நான்கு மணி, விமான நிலையத்தில் மூன்று, வானில் நான்கேகால், திருச்சியில் வெளியே வர ஒன்று, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட சாலைக்கு மூன்று. எல்லாம் கூடிவந்தால் பதினைந்து மணி நேரம். நேரடி விமானத்தில் இடமில்லையேல் ஒரு நாள். துபை: ஏறக்குறைய அதுவே. சவூதியின் உட்பகுதி: வெளியேறித் திரும்பும் விசாவும் எடுக்க வேண்டியிருப்பதால், மணிக்கணக்கு எழுதவில்லை, ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன். தஞ்சாவூரில் 2013இல் திறந்த தளம் போர் விமானங்களுக்கானது என்பதால் அது நம் கணக்கில் வராது. சென்னை வழி வருபவருக்குச் சாலையில் மட்டும் ஏழு மணி நேரம், அதாவது சிங்கப்பூரிலிருந்து பறந்து வந்ததைவிடக் கூடுதல்.

இத்தா முடிந்த சில நாள்களில், அந்த அம்மையார் பேரனை அழைத்துக்கொண்டு மதரஸாவுக்கு வந்தார். பையனை ஓதச் சேர்ப்பதற்காக. பெயரெழுத நான் பதிவேட்டைத் திறந்தபோது அந்தக் கடைசிப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. என்னவென்று கேட்டார், படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் பெயரையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள், ஹஜ்ரத். எனக்கும் அவர்கள் சொன்ன மாதிரிதான், இரவு வைக்க வேண்டாம். ஆனால் அவனிடம் அதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள்" என்றார்.

எழுதிக்கொண்டேன். பையனின் பெயரை முன்பக்கத்தில் எழுதினேன்.